மூன்று ஆட்சிக்கு மூன்று வணக்கம்

ஜப்பான்காரன் காலத்தில் லகாட் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அரிசி இல்லை, துணி இல்லை. ஆட்சிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை, யாரும் கேட்காமலே, சித்தப்பா எடுத்துக்கொண்டார். பால் மரம் சீவுகிறவர்தான், ஆனால் பேப்பர் படிப்பவர். மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே எனக்கு விளக்குவார்: இங்கிலாந்தில் ராஜா உண்டு, ஆனால் ஆள்வது ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். ஜப்பானில் சக்கரவர்த்தியே சாமி. சிங்கப்பூரில் நம்மவர்கள் அமைக்கப்போகும் சுதந்திர இந்திய சர்க்காருக்கு மந்திரிகள் உண்டு, பட்டாளம் உண்டு. நாடுதான் இன்னும் கைக்கு வரவில்லை.

"அப்ப வெள்ளக்காரன் இங்க ஓட்டு வச்சானா சித்தப்பா?"

"அது அவன் ஊருக்கு மட்டுந்தான்லா."

எனக்குத் தலை சுற்றியது. புரிந்த வித்தியாசம் ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரைக்குத் தலைத்துண்டை அவிழ்த்து சலாம் வைக்க வேண்டும். ஜப்பான்காரனுக்கு இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். நம் பட்டாளத்துக்காரர்களுக்கு விறைப்பாக நின்று கையை நெற்றிக்கு உயர்த்த வேண்டும்.

ஒருநாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் சேரும் அந்தத் திடலில், ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்கள் ஒரு பக்கம். பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் மறு பக்கம். அவர்களைச் சயாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்று பேச்சு. முன்பு சயாம் லோரியில் ஏறியவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்பதைப் பெரியவர்கள் எங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். சித்தி, சித்தப்பாவைத் தள்ளாத குறையாகப் பட்டாள வரிசையில் நிறுத்தினார்.

"இங்கயே நில்லுங்க. வாயத் தொறக்காதீங்க."

சொன்னபடிதான் நின்றார். ஆனால் ஜப்பான் அதிகாரி எதிரே வந்ததும், பல வருடப் பழக்கம், கை தானாகத் தலைத்துண்டை அவிழ்த்தது. "சலாம் தொரே!" என்று வாய் சொல்லிவிட்டது. பளாரென்று ஓர் அறை. அதிகாரி அவர் பிடரியைப் பிடித்துச் சயாம் பக்கம் தள்ளினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு விவரம் தெரிந்தவர் வணக்கத்தை மாற்றி வைத்துவிட்டாரே!

லோரி கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா புது நாட்டுக்குப் போகிறார், வந்ததும் நாங்கள் ஒப்பிட இன்னோர் ஆட்சி கிடைக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"சயாம்ல யாரு ஆளுறாங்கன்னு கேட்டுட்டு வாங்க சித்தப்பா!"

அவர் கன்னத்தைத் தடவியபடி தலையாட்டினார். அதுவரை கல்லாக நின்ற சித்தி, நான் அப்படிக் கத்தியதும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். நல்ல கேள்விதானே கேட்டேன் என்று எனக்கு ஒரே குழப்பம்.