பச்சைத் திட்டு

கூடப் பிறந்த அண்ணனைப் பத்தி இப்படிப் பேசறாளேன்னு நினைக்கறவங்க நினைச்சுக்கட்டும். முன்னெல்லாம் அவர், இவர்னு மரியாதையாத்தான் சொல்வேன். இப்போ வாயில வரமாட்டேங்குது.

எங்க அண்ணி பழைய கேம் மெஷின்களோட திரையை ரிப்பேர் பண்றவங்க. டோக்கன் போட்டா கார் ஓடும், துப்பாக்கி சுடும், ஆளுயரப் பெட்டி, அந்த மெஷின்தான். படம் சுருங்கினாலும் சரி, நடுவுல ஒத்தைக் கோடா நின்னாலும் சரி, பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே எது போச்சுன்னு சொல்லிடுவாங்க. திரைக்கு எதிர்ல ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்திட்டு, பின்பக்கம் நின்னு, அதுல படத்தைப் பார்த்துக்கிட்டே திருகுவாங்க. இடது கை எப்பவும் முதுகுக்குப் பின்னாடி இருக்கும். ரெண்டு கையும் உள்ளே போச்சுன்னா கரண்ட் ஆளைத் தூக்கிடும். "என்ன அண்ணி, டீச்சர்கிட்ட திட்டு வாங்கற பிள்ளையாட்டம்?"னு கிண்டல் பண்ணுவேன்.

அண்ணன் பூட்டு, பட்டன், டோக்கன் பெட்டி பார்ப்பான். அவ்வளவுதான். ஆனா ஊர்ல அண்ணிக்குப் பேரு "மெக்கானிக் சம்சாரம்".

இருபது மெஷின் இருக்கற ஒரு ஹால்ல நிரந்தரமா ஆள் வேணும்னாங்க. கார் மெஷின் திரையைச் சரி பண்ணிட்டா வேலை அண்ணிக்குத்தான்னு ஓனரே சொன்னார். அண்ணிக்குக் கால் தரையில நிக்கலை. ஒரே நாள்ல படத்தைப் பளிச்சுன்னு கொண்டுவந்துட்டாங்க. மறுநாள் காலையில ஓனர் ஸ்விட்சைப் போட்டா, இடது கீழ் மூலையில பச்சையா ஒரு திட்டு.

திரையில ஏறின காந்த சக்தியை எடுக்கறதுக்குக் காயில்னு ஒரு கம்பி வளையம் இருக்கு, அண்ணி அதைத் திரை முன்னாடி சுத்தினாங்க. சாதாரணத் திட்டுன்னா அதுல போயிடும். இது போற மாதிரி போய்த் திரும்ப வந்துது. "பக்கத்துல எங்கேயோ காந்தம் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. ஸ்பீக்கரைக் கழட்டித் தூர வச்சாங்க, அப்பவும் திட்டு போகலை. திரைக்கு நேர் கீழே டோக்கன் பெட்டி. சாவி அண்ணன்கிட்ட.

"கொஞ்சம் உள்ளே பாருங்களேன்."

அவன் திறந்தான். குனிஞ்சு தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "ஒண்ணுமில்லை"ன்னு பூட்டினான்.

அண்ணி நம்பிட்டாங்க. கட்டின புருஷன் ஆச்சே! அப்போ பிக்சர் டியூப்தான் போயிடுச்சுன்னு ஓனர்கிட்ட சொன்னாங்க. மறுநாள் அண்ணன் தனியாப் போனான். அரை மணி நேரத்துல திட்டு காணோம். வேலை அவனுக்கு.

அதுக்கப்புறம் அண்ணி காயிலைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டாங்க. கண் டாக்டரைப் போய்ப் பார்த்தாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அவர் சொல்லியும் இவங்க நம்பலை. "வயசாகுதில்ல, விடு"ன்னு அண்ணன் ஆறுதல் சொன்னான். எனக்குக்கூட அப்போ அவன்மேல பெருமையா இருந்தது, கண்றாவி!

நான் என் வீட்டுல தையல் தைக்கறேன். கீழே விழற குண்டூசியைப் பொறுக்க ஒரு ஸ்பீக்கர் காந்தத்துக்குச் சிவப்புத் துணியில உறை தைச்சு வச்சிருந்தேன். ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் ஊசி டப்பா கவிழ்ந்துது. என்னைப் பார்க்க வந்த அண்ணி பக்கத்துல இருந்தாங்க. டிராயர்ல ஒரு மாசமாத் தொடாமக் கிடந்த காந்தத்தை எடுத்துப் பொறுக்கி நீட்டினேன். அதோட அடிப்பக்கம், நடுவுல ஓட்டை போட்ட இரும்பு டோக்கன் ஒண்ணு ஒட்டியிருந்தது. அந்த ஹால் டோக்கன். நான் அந்த வாசல்கூட மிதிச்சதில்லை.

"இதை யாருக்காவது கொடுத்தியா?"

"அண்ணன்தான் கேட்டான். திருகாணி பொறுக்கணும்னு."

"எப்போ?"

"நீங்க கார் மெஷின் பார்த்த அன்னிக்குச் சாயங்காலம். வேலை கிடைச்ச அன்னிக்குத் திருப்பிக் கொடுத்துட்டான்."

அண்ணி காந்தத்தை டோக்கனோட மேஜைமேல வச்சாங்க. தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க அண்ணன் வந்தப்போ அது அங்கேயே கிடந்தது. பார்த்ததும் முகம் வெளிறிப்போச்சு. "யாருக்கு வேலை கிடைச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருது? சம்சாரத்துக்குக் கீழே வேலை பார்க்கறான்னு நாலு பேர் சிரிக்கணுமா?"ன்னான்.

"வேலை போனாப் போகுது" அண்ணி சொன்னாங்க. "உள்ளே காந்தத்தைப் பார்த்துட்டுத்தான் ஒண்ணுமில்லைன்னீங்க. ஒரு மாசமா என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். அதைப் பார்த்துக்கிட்டே என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே."

அன்னிக்கே அண்ணி காயிலோட என் வீட்டுக்கு வந்துட்டாங்க. வாசல் அறையில இப்போ ரெண்டு மெஷின் ரிப்பேருக்கு நிக்குது. காந்தத்தைத் தூக்கிக் குப்பையில எறிஞ்சேன். ஊசி விழுந்தா உட்கார்ந்து கையாலதான் பொறுக்கறேன்.