குளத்து வைரஸும் ஏரி வைரஸும்

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கல்லூரியில் பாக்டீரியாக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடும் வீட்டுப் பெண் கிருமி வளர்க்கப் போனதில் எங்கள் தெருவுக்கு ஏகப்பட்ட வேடிக்கை. அவர்களுக்கு என்ன தெரியும், நான் திங்கட்கிழமைக்காக ஏங்கியது? எங்கள் ஊர்ப் பக்கம் தென்னேரி கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் என்னோடு படித்தார். திங்கள்தோறும் அவர் ஊர் ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவருவார். நான் எங்கள் கோயில் குளத்துத் தண்ணீரைக் கொண்டுபோவேன். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் இரண்டிலும் இருந்தன.

அவருடைய ஏரி வைரஸ் பொல்லாதது. பாக்டீரியா படர்ந்த தட்டில் விட்டால் மறுநாள் பொட்டுப் பொட்டாக அழித்திருக்கும். என்னுடையது சாது, கொல்லாமல் உள்ளேயே குடியிருந்துவிடும். அப்படி என் வைரஸ் குடியேறிய பாக்டீரியாவின் மேல் ஏரி வைரஸை விட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டுகூட விழவில்லை. உள்ளே இருக்கும் வைரஸ், பின்னால் வருகிறவனின் டி.என்.ஏ. என்கிற மரபிழையை வெட்டிப்போட பாக்டீரியாவின் கையில் கத்தரி கொடுத்துவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். பாக்டீரியா மேல் உள்ள பாசத்தால் அல்ல, தன் இடம் பறிபோகக் கூடாதே என்றுதான்.

"உங்க குளத்து ஆளு எங்க ஏரிக்காரன உள்ளயே வுட மாட்றான், பாத்தீங்களா?" என்றார்.

"லேட்டா வந்தா அப்படித்தான். மொதல்லியே வந்திருக்கணும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே வாயாடினேன். அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வாய் திறந்து கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன்.

ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்த ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். அமாவாசையில் தறி ஓடாது, அப்பா சும்மாதான் இருப்பார் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். பாழாய்ப்போன நேரம், நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஏரித் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

"உன்கூட படிக்கிற புள்ள வந்துச்சிமா. காபியகூட முழுசா குடிக்கல, கெளம்பிடுச்சி" என்றாள் அம்மா.

அதன்பின் அவர் என்னிடம் அளந்துதான் பேசினார். படிப்பு முடிந்ததும் வடக்கே வேலைக்குப் போய்விட்டார்.

சில வருடங்களுக்குப் பிறகு வேறொருவரோடு எனக்குக் கல்யாணம். அப்பா நெய்த அரக்குப் புடவையைக் கட்டிவிட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் புள்ள தறியில இதப் பாத்துட்டு யாருக்குன்னு கேட்டுச்சி. எம்பொண்ணு கல்யாணத்துக்குன்னாரு உங்கப்பா. ஒடனே காபிய பாதியில வெச்சிட்டு எழுந்துடுச்சி."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை தேடும் முன்பே பெண்ணின் கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிவிடுவார்கள். கை ஒழிந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நெய்து வைப்பார்கள். தென்னேரிக்காரர்கள் நிச்சயம் ஆன பிறகுதான் கல்யாணப் புடவை எடுக்கவே காஞ்சிபுரம் வருவார்கள். அவர் என்ன நினைத்திருப்பார் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

யாரும் அவரை முந்தியிருக்கவில்லை. இடம் முழுவதும் அவருக்காகவே காலியாக இருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வெளியே கூப்பிட்டார்கள். கொசுவத்தைச் செருகிக்கொண்டு போனேன்.