ட்ரம்முக்குள் நாலு டிகிரி

காப்பிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்க்காமல் ரத்தினசாமி ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. வேலூரில் கல்லூரி மாணவர்களுக்கு வெப்பவியல் நடத்துகிறவர். "ஆறிப்போச்சு, குடிங்க" என்று மனைவி சுந்தரி சொன்னால், "ஆறலை. சூடு வெளியே போய்ட்டிருக்கு. எங்க போவுதுன்னு கேளேன்" என்பார். "எங்கியோ போவட்டும். எனக்கு டம்ளர் கழுவணும்" என்று அவள் கையை நீட்டிக்கொண்டே நிற்பாள்.

மார்கழிக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொள்கிற யாரைக் கண்டாலும் தெருவிலேயே நிறுத்திப் பாராட்டுவார். தேய்ப்பது வேலை, அந்த வேலைதான் சூடாகிறது. அதைவிடப் பெரிய சேதி அவருக்கு உலகத்தில் கிடையாது.

1933 பங்குனியில், தண்ணீரைக் கலக்கினாலே சூடேறும் என்று வகுப்பில் சொன்னார். அந்தோணி என்ற மாணவன் எழுந்து, "சார், எங்க வீட்ல தினமும் மோர் கடையிறாங்க. சூடான மோரை நான் குடிச்சதே இல்லையே" என்றான். வகுப்பு சிரித்தது. பதினெட்டு வருஷமாகத் தாம் சொன்னதை ஒவ்வொருவனும் நம்பாமலே எழுதிப் பாஸாகியிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வகுப்பின் பதினொரு பேரையும் ரயிலேற்றி ஆம்பூருக்குக் கொண்டுபோனார். அங்கே ஷபீ அஹமது சாயபு தோல் பதனிடும் இடத்தில், ஆளுயரத்தைவிடப் பெரிய மர ட்ரம் ஒன்று எண்ணெய் எஞ்சினில் சுற்றும்.

"தண்ணியத்தானே சுத்தணும்? சுத்துங்க வாத்தியாரே. நமக்கு இன்னா பேஜார்?" என்றார் சாயபு.

பாதி ட்ரம் தண்ணீர் இரண்டு மணி நேரம் சுற்றியது. வெப்பமானியை விட்டுப் பார்த்தார். கால் டிகிரி இறங்கியிருந்தது.

"ஆம்பூர் வெயில்ல தண்ணிய குளிர வைக்கிற மெஷினு! சர்பத் கடை போட்டுடலாம் வாத்தியாரே!" என்று சாயபு வயிறு குலுங்கச் சிரித்தார். மாணவர்கள் நோட்டில் 'சுற்றினால் குளிரும்' என்று எழுதிக்கொண்டார்கள்.

ட்ரம் ஓட்டுகிற கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "வெறும் தண்ணிக்கு எப்டிங்க சூடு ஏறும்? தோலு போடணும். தோலு மேல தோலு விழுந்து அடிச்சிக்கினு கெடந்தாத்தான் தண்ணி காயும். ஜாஸ்தி காஞ்சா சரக்கு கெட்டுடும்னு நாங்க தொட்டுத் தொட்டுப் பாக்கறோமே."

"எத்தினி வருஷமா?" என்றார் ரத்தினசாமி.

"வேலைக்கு வந்த நாள்லேர்ந்து."

அறுபது ஆட்டுத்தோல்கள் உள்ளே போயின. மறுபடியும் இரண்டு மணி நேரம். மூடியைத் திறந்ததும் கிளம்பிய நாற்றத்தில் பதினொரு பேரும் வெளிக்கேட்டுக்கு ஓடி, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

நாலு டிகிரி ஏறியிருந்தது.

"வாங்கடா! வந்து பாருங்கடா!" என்று ரத்தினசாமி கத்தினார்.

"நம்பிட்டோம் சார்! ரயிலுக்கு நேரமாச்சு!" என்று கேட்டிலிருந்தே கூவினான் அந்தோணி.

கன்னியப்பன் மட்டும் கையை முழங்கைவரை உள்ளே விட்டு, கொஞ்சம் யோசித்து, "உங்க கண்ணாடிக் குச்சி சரியாத்தான் சொல்லுது" என்றார்.

ரத்தினசாமி ஈரக் கையோடு பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார். பதினொரு பெயருக்கும் எதிரே 'வரவில்லை' என்று போட்டார். கீழே பன்னிரண்டாவதாகக் கன்னியப்பன் என்று எழுதிவிட்டு, பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்: "உங்க அப்பா பேரு இன்னாங்க?"