பதம் வராத ஜாம்

1986 மார்ச் 8, சனிக்கிழமை. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிட வந்தார். அம்மா தோசை சுட்டாள். நான் தலைக்குக் குளித்துவிட்டு, முடி உலர அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அன்று கூடுதலாக வந்தவர் சித்தப்பா. சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

அம்மாவின் தங்கையான சித்தி ஒரு மாதமாக எங்களோடுதான் இருந்தாள். மாமியார் ஏதோ சொல்லிவிட்டாராம். சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றாராம். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"மத்தியானப் பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கிளம்பிருங்க" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சித்தி கூடையை எடுத்தாள். கொல்லைக்குப் போய், பாத்தியில் பழுத்திருந்த ஸ்ட்ராபெரிகளை ஒன்று விடாமல் பறித்து வந்தாள். காம்பு கிள்ளி, சர்க்கரை கொட்டி, அடுப்பில் ஏற்றினாள்.

"ஜாம் பதம் வந்ததும் போறனுங்க மாமா. பாதியில உட்டுட்டுப் போக முடியுங்களா?"

எலுமிச்சைச் சாறு விட்டால் ஜாம் சீக்கிரம் இறுகும் என்பது எனக்கே தெரியும். பழத்தை அறுத்துக் கொடுத்தேன். "அப்புறம் கண்ணு" என்று வாங்கி ஓரமாக வைத்த சித்தி, விறகையும் வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள். மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா மெல்ல உள்ளே வந்தார். "நான் கிளறட்டுமா?"

"உங்க ஊட்ல வாயே வராதுங்களே. இங்க கை மட்டும் வருதாக்கும்?"

அவர் கரண்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொதித்த ஜாம் தெறித்துக் கையில் பட்டது. உதறிக்கொண்டு மறுபடி கிளறினார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினாள்.

மத்தியானம் அப்பா வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஆச்சா இல்லியா? பஸ்ஸு வந்துரும்!"

சித்தப்பா குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தார். சொட்டு அசையவில்லை. விரலால் தள்ளியதும் அதன் மேல் சுருக்கம் விழுந்தது. அருமையான பதம். "சித்தப்பா, இது..." என்று நான் தொடங்கும்போதே அந்தச் சொட்டை வழித்து என் வாயில் வைத்துவிட்டார்.

"இன்னும் ஆகலீங்கண்ணா!" என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "தண்ணியாட்டம் ஓடுது. அவள அவசரப்படுத்தாதீங்க. அவளுக்கு எப்பத் தோதுப்படுதோ, அப்பக் கிளம்பிக்கறோம்."

அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. அப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். சற்று நேரத்தில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சித்தி தட்டைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அடி புடிக்குது பாருங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதற்கப்புறமும் அடுப்பிலேயே கிடந்த ஜாம், பொழுது சாய்வதற்குள் கரண்டி செருகினால் நிற்கும்படி இறுகிவிட்டது.

ஜாமுக்குப் பதம் பார்க்கக்கூடத் தெரியாத மனிதருக்குச் சித்தியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்று அன்று ராத்திரி எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்த சித்தி முதல் காரியமாகச் சித்தப்பாவைத் தட்டி எழுப்பினாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. காலைப் பஸ்ஸு போயிரப் போவுது."