சுல்தானுக்குத் தீனி வைத்தவன்

எங்கள் கொட்டகையில் பதினாறு வருஷம் ஒரு குதிரை மூச்சு விட்டது. மூச்சு என்றால் சாதாரண மூச்சு இல்லை. ஒவ்வொரு தடவை காற்றை உள்ளே இழுக்கும்போதும் மரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தால்கூடக் கேட்கும். என் புருஷன் ஓரின் டெக்கர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே உருளைக்கிழங்கை உரித்துத் தின்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவன் செய்தது கொலையா இல்லையா என்று ஆற்றங்கரையில் இன்னும் பேசுகிறார்கள். பேசுகிற ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நான்தான், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஹட்சன் ஆறு உறைந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. ஜனவரியில் ஆற்றின்மேல் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, பாளம் பாளமாக ஐஸை இழுத்துக் கிடங்கில் அடுக்குவோம். கோடையில் நியூயார்க் நகரத்துக்காரர்கள் அதைக் குடிக்கிற தண்ணீரில் போட்டுக்கொள்வார்கள். கிடங்கு, படகு, நாங்கள் குடியிருந்த வீடு எல்லாமே மிஸ்டர் ஹார்ட்விக்குடையது. ஓரின் அவருடைய குதிரைக்காரன். நான் வேலைக்காரர்களுக்குக் காப்பியும் பீன்ஸும் ஆக்கிப் போடுகிறவள்.

ஐஸ்மேல் நடக்கிற குதிரை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சுருக்குக் கயிறு கிடக்கும். குதிரை தண்ணீருக்குள் விழுந்தால் உதைக்கும், உதைத்தால் சுற்றியுள்ள ஐஸ் உடையும், மேலே நிற்கிற ஆளும் போய்விடுவான். அதனால் கயிற்றை இறுக்கிக் கழுத்தை நெரிக்க வேண்டும். உள்ளே போன காற்று வெளியே வராமல் வயிறு உப்பி, குதிரை விறைத்து மிதக்கும். அப்புறம் பலகையைக் கொடுத்து இழுத்துப்போட்டுச் சுருக்கைத் தளர்த்திவிட்டு, உடம்பு சூடேறும்வரை ஓடவிட வேண்டும். கொஞ்சம் முந்தித் தளர்த்தினால் உதைக்கும், பிந்தினால் செத்துப்போகும். ஓரின் கையில் ஒரு குதிரையும் செத்ததில்லை.

"குதிரைக் காதுல மணிக்கணக்கா பேசறியே, அதுல பாதி வாயைக் கோராகிட்டே திறந்தா என்ன?" என்று ரம்பக்காரர்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள். கோரா நான்தான். அவன் திறக்கவில்லை. திறந்தவன் முதலாளி மகன் ஜூலியன் ஹார்ட்விக்.

ஜூலியனுக்கு அழகான பற்கள். பியானோ வாசிப்பான். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதை நான் நம்பினேன். பாத்திரம் தேய்க்கிறவளை எந்த ஹார்ட்விக் கட்டுவான் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருபத்திரண்டு வயதில் இல்லை. 1904 ஜனவரியில், வயிற்றில் மூன்று மாதம் ஆனபோது, பட்டப்பகலில் லாயத்துக்குப் போய் அவனிடம் சொன்னேன்.

"ஆல்பனியில ஒரு டாக்டர் இருக்காரு. போயிட்டு வந்துடு" என்றான். "மார்ச்சில எனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க பேங்க் வச்சிருக்கிறவங்க. நீ குறுக்க நிக்காதே."

"நிப்பேன்" என்றேன்.

வயிற்றைப் பார்த்து உதைத்தான். நான் கையைக் குறுக்கே கொடுத்ததால் விரல் இரண்டு ஒடிந்தது. வைக்கோல் பரணில் இருந்த ஓரின் கீழே குதித்தான். ஒரே அடி. அந்த அழகான பற்களில் இரண்டு வைக்கோலில் கிடந்தன. ஜூலியன் சவுக்கை எடுத்து ஓரினின் முகத்தில் வீசினான். புருவத்திலிருந்து உதடுவரை பிளந்தது. அப்புறம் ஜூலியன் தன் கை ஓயும்வரை அடித்தான். லாய வாசலில் ஆறு பேர் நின்று பார்த்தார்கள். முதலாளி மகன் என்பதால் ஒருவனும் அசையவில்லை.

ஐஸ் வெட்டு மும்முரமாக நடந்த சமயம். வேறு குதிரைக்காரன் கிடைக்காததால் ஓரினை வேலையைவிட்டு நீக்கவில்லை. முகத்தில் தையலோடு மறுநாளே ஆற்றுக்குப் போனான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம், பணக்காரப் பிள்ளைகள் ஆற்றின்மேல் சறுக்குவண்டிப் பந்தயம் விட்டார்கள். ஜூலியனின் வண்டியில் சுல்தான் என்ற செம்பழுப்புக் குதிரை. காலையில் ஓரின் அவனிடம் ஒரு சுருக்குக் கயிற்றை நீட்டியதை நான் பார்த்தேன்.

"இதை அதுக்கு மாட்டுங்க ஐயா."

"என் குதிரையை நான் தூக்குல போடறதில்லை. உன் மாதிரி ஆளுங்க கழுத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று ஜூலியன் சிரித்தான். இரண்டு பல் இல்லாத சிரிப்பு.

நான் காப்பி வாளியோடு ஐஸ் வெட்டிய இடத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன், ஓரின் பக்கத்தில். நாங்கள் சேர்ந்து நின்றது ஜூலியனுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, எங்களைப் பயமுறுத்தத்தான் வண்டியைத் திருப்பினான். வெட்டிய இடத்தைச் சுற்றி அடையாளத்துக்கு நட்டிருந்த பைன் கிளைகளை மோதித் தள்ளிக்கொண்டு நேராக வந்தான். முந்தின நாள் அறுத்த இடத்தில் புதிதாகப் படிந்த மெல்லிய ஐஸ்மேல் பனி தூவியிருந்தது. குதிரை, வண்டி, ஆள், மூன்றும் ஒரு நொடியில் உள்ளே போயின.

சுல்தான் உதைத்த உதையில் வண்டி சிதறியது. ஜூலியன் எதிர்ப்பக்க விளிம்பை முழங்கையால் பிடித்துக்கொண்டு கிடந்தான். நெற்றியில் ரத்தம். பலகைக்காரர்கள் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஓரின் கையில் இருந்தது ஒரே கயிறு. இந்தப் பக்கம் குதிரை, அந்தப் பக்கம் ஆள்.

"கோரா" என்று ஜூலியன் கத்தினான். "கோரா, அவனை வீசச் சொல்லு."

ஓரின் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். தையல் போட்ட அந்த முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அவன் கேட்டது எனக்குப் புரிந்தது.

"குதிரைக்குப் போடு" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. உரக்கத்தான் சொன்னேன்.

சுருக்கு சுல்தானின் கழுத்தில் விழுந்தது. ஓரின் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தான். குதிரையின் கண் பிதுங்கியது, நாக்கு கறுத்தது, பீப்பாய் மாதிரி உப்பி மிதந்தது. பலகை வந்து இழுத்துப் போட்டபோது எதிர்ப்பக்க விளிம்பில் ஆள் இல்லை. நீரோட்டம் அவனை ஐஸுக்கு அடியில் கொண்டுபோய்விட்டது. ஏப்ரலில்தான் உடம்பு கிடைத்தது.

ஓரின் சுருக்கைத் தளர்த்தியது அன்றைக்குத்தான் பிந்திப்போனது. குதிரையின் குரல்வளை நொறுங்கி, அந்தச் சத்தம் வந்தது.

மரண விசாரணை அரைமணி நேரம் நடந்தது. குதிரை உதைத்துக்கொண்டிருந்தால் யாரையும் காப்பாற்ற முடியாது, முதலில் குதிரை என்பதுதான் ஐஸ்காரர் வழக்கம் என்று ரம்பக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். "யாராவது உனக்குச் சொன்னாங்களா?" என்று அதிகாரி கேட்டார். "இல்லைங்க. நானா முடிவு பண்ணேன்" என்றான் ஓரின். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவு பயம்.

வெளியே வந்ததும் மிஸ்டர் ஹார்ட்விக் சுல்தானைப் பிடித்துவரச் சொன்னார். கயிற்றை ஓரின் கையில் திணித்தார்.

"என் மகனை விட்டுட்டு இதைத்தானே எடுத்தே? வச்சுக்கோ. இது உயிரோட இருக்கிறவரைக்கும் நீ என் வீட்டுல இருக்கலாம். வருஷா வருஷம் வந்து பார்ப்பேன்."

அந்த வசந்தத்தில் ஓரின் என்னைக் கட்டிக்கொண்டான். ஆகஸ்டில் மே என்ற என் மகள் பிறந்தாள், ஹார்ட்விக் குடும்பத்துச் செம்பட்டை முடியோடு. ஓரின் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். சுல்தானை மட்டும் ஒரு நாளும் வண்டியில் பூட்டவில்லை. தீனி, தண்ணீர், சாணி, எல்லாம் அவனே. நான் வாளியைத் தொட்டால் வாங்கிவிடுவான். ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதும் மிஸ்டர் ஹார்ட்விக் வந்து, குதிரையின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

பதினாறாவது வருஷம் சுல்தானுக்குப் பல் எல்லாம் தேய்ந்துவிட்டது. ஓரின் ஓட்ஸை வேகவைத்துக் கூழாக்கிக் கொடுத்தும் விலா தெரிந்தது. மிஸ்டர் ஹார்ட்விக் விலாவைத் தொட்டார், திரும்பினார், கைத்தடியால் ஓரினின் மண்டையில் அடித்தார்.

"பட்டினி போடறியா? பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறியா?"

எழுபது வயதுக் கிழவர். ஓரின் தள்ளியிருந்தால் விழுந்திருப்பார். அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். காது கிழிந்தது, பழைய தழும்பின்மேல் புதிதாகப் பிளந்தது. நான் நடுவில் பாய்ந்து தடியைப் பிடித்தேன்.

"அவனை விடுங்க. நான்தான் சொன்னேன். குதிரைக்குப் போடுன்னு நான்தான் சொன்னேன்."

கிழவர் மூச்சு வாங்கினார். சுல்தானும் மூச்சு வாங்கியது.

"தெரியும்" என்றார். "கரையில நின்னேன். உன் குரல் நல்லாக் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா இவனை இத்தனை வருஷம்?"

"உன் வயித்துல இருந்தது என் மகன் ரத்தம். உன்னை நான் என்ன பண்ண முடியும்? யாரையாவது பண்ணணும்ல. குதிரைக்காரன் இருந்தான்." தடியை ஊன்றிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

ஓரின் வைக்கோல்மேல் உட்கார்ந்தான். அவன் காதில் துணியை வைத்து அழுத்தினேன்.

"ஏன் இப்பச் சொன்னே?" என்று கேட்டான். "நீ சொல்றதுக்கு முன்னாடியே கயிறு என் கையை விட்டுப் போயிடுச்சு, கோரா. நீ சொன்னதால ஒண்ணும் நடக்கல."

அது பொய். என்னைத் திரும்பிப் பார்த்தபோது கயிறு அவன் கையில்தான் இருந்தது.

கூழ் வாளியை எடுத்தேன். ஓரின் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. சுல்தான் என் கையிலிருந்து தின்றது, ஒவ்வொரு வாய்க்கும் அந்தச் சத்தத்தோடு.