பெயர் போடாத வாழ்த்துமடல்

நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு கல்யாண வாழ்த்துமடலுக்காக என் கணவரைப் போலீஸ் கூட்டிப்போனது. இன்று சொன்னாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் வீட்டின் முன்னறைதான் எங்கள் அச்சகம். நான் எழுத்துக் கோர்ப்பேன், அவர் இயந்திரத்தை மிதிப்பார். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை என்று பிழைப்பு ஓடியது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு வாழ்த்துப்பா எழுதுவார்கள். ரோஜா நிறத் தாளில் அச்சடித்து, தாலி கட்டியதும் பந்தலில் உரக்க வாசித்து, எல்லார் கையிலும் ஒன்று கொடுப்பார்கள். அச்சாகும் எதிலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற எல்லாவற்றிலும் போடுவோம். வாழ்த்துமடலில் மட்டும் இவர் போட மாட்டார். மங்கல காரியத்துக்கு அடியில் கடைப் பெயர் இருந்தால் விளம்பரம் மாதிரி ஆகிவிடுமாம். பெரிய மரியாதைதான்! அதுவே வினையாக வந்து முடிந்தது.

அந்த மாப்பிள்ளை தோட்டத் தொழிற்சங்கத்துக்காரர். பதினாறும் பெற்று வாழ்க என்பதற்கு நடுவில், வெள்ளைக்காரன் போன பிறகும் தோட்டத்தில் விடியவில்லை, கைகோத்து நின்று கேளுங்கள் என்று கூட்டாளிகள் இரண்டு அடி சேர்த்திருந்தார்கள். கோர்த்தவள் நான்தான். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கொண்டுபோய்ப் போலீஸில் கொடுத்துவிட்டார். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம். பெயரில்லாத தாள் என்றாலே காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் அனுப்பியது என்று சந்தேகம். ஆனால் மலாக்காவில் தமிழ் அச்சகம் எத்தனை இருந்துவிடும்? மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மனுஷனை எழுப்பினார்கள். எதற்கும் வாதம் செய்கிறவர், அன்று எச்சில் கையோடு ஜீப்பில் ஏறினார்.

தெங்கேராவில் இருந்த தமிழ் முஸ்லிம் வக்கீலிடம் ஓடினேன். புது அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை எழுதியிருக்கிறதே, கல்யாண வீட்டில் நாலு வரி வாசித்தால் குற்றமா என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த உரிமைக்கும் எல்லை உண்டு, நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லித் தடுக்கலாம் என்றார். பிறகு சொன்னார்:

"அதோட, அது பிரஜைகளுக்குத்தாம்மா. உங்க வூட்டுக்காரரு பிரஜா உரிமை எடுத்துட்டாரா?"

அவர் எடுக்கவில்லை. எல்லாரும் பிரஜா உரிமை எடுங்கள் என்று ஊர் முழுக்கப் பரவிய துண்டு நோட்டீஸை அடித்துக் கொடுத்ததே நாங்கள்தான். அந்த வேலை மும்முரத்தில் தனக்கு எடுக்க இவர் போகவே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து வந்தவர் என்பதால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் அதிகாரம் உண்டு என்றார் வக்கீல். நான் மலாக்காவிலேயே பிறந்தவள். அவரை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் நான் எங்கே போவேன்?

கடவுள் கண் திறந்தார். பெயர் போடாத குற்றத்துக்கு அபராதம் விதித்து, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு அடியைப் பற்றிக் கோர்ட்டில் யாரும் வாயே திறக்கவில்லையாம். வந்ததும் முதல் வேலையாகப் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

கொஞ்ச நாளில் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். புருஷன் செத்துப்போய், கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும். கூலி உயர்வுக்காக முன்னால் நின்றவர் என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்திருந்தார். இவர் அதைப் படித்தார். பேனாவை எடுத்து அந்த வரிமேல் கோடு போட்டார். அன்பான கணவர் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்.

போலீஸ் வந்த அன்றுகூட நான் இப்படி அதிர்ந்து போகவில்லை.

"போலீசு போடக் கூடாதுன்னு சொல்லிச்சாண்ணே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"யாரும் சொல்லலக்கா. நாந்தான் வேணாங்குறேன்."

அந்த அம்மாள் கோடு விழுந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அவரு வாழ்நாள்ல செஞ்சது அது ஒண்ணுதாண்ணே. அன்பால்லாம் இருந்ததில்ல."

இவர் அந்தத் தாளை எழுத்துக் கோர்க்க என்னிடம் நீட்டினார். பத்திரிகை அன்பான கணவர் என்றே அச்சாகிப் போனது.