இருபது செல்லும் ரெண்டு கையெழுத்தும்

எங்க லேபுல அவங்களுக்குப் பேரே புள்ளியக்காதான். பத்தொன்பது வருஷமா இருட்டறையில மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார்ந்து புள்ளி எண்ணுறவங்களை வேற எப்படிக் கூப்பிடுறதாம்? மார்பகக் கட்டியிலிருந்து மெல்லிசா சீவின சதை கண்ணாடித் தகட்டுல ஒட்டி வரும். அதுமேல நாங்க விடுற புரோப்ங்கிற சாயத் திரவம், ஒரு குறிப்பிட்ட ஜீனைத் தேடிப்போய் ஒட்டிக்கிட்டுச் சிவப்பா மின்னும். அந்த ஜீன் உட்கார்ந்திருக்கிற குரோமோசோமுக்குப் பச்சை. செல்லுக்கு ரெண்டு சிவப்பு, ரெண்டு பச்சைன்னா சாதாரணம். சிவப்பு கொத்துக் கொத்தா இருந்தா ஜீன் பெருகியிருக்குன்னு அர்த்தம். அந்த வகைப் புற்றுக்குத் தனியா ஒரு ஊசி மருந்து இருக்கு. நாங்க 'இல்லை'ன்னு எழுதினா அந்த ஊசி கிடையாது.

ஆளுக்கு இருபது செல். முதல்ல அக்கா, அப்புறம் நான். அவங்க கணக்கை நான் பார்க்கவே கூடாதுன்னு விதி. விதிக்கென்ன, சுவத்துல அழகாத்தான் ஒட்டியிருக்கு.

அன்னிக்கு முப்பதாவது தகடோ என்னவோ. அக்கா கண்ணைக் கசக்கிக்கிட்டே எழுந்தாங்க.

"கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குடா. மேஜை வேலைக்கு மாத்துங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு. காதுல போட்டுக்க ஆளில்ல."

அவங்க தாள் மேஜையிலயே திறந்து கிடந்துச்சு. சிவப்பு நாப்பத்தொண்ணு, பச்சை முப்பத்தொன்பது. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. மைக்ராஸ்கோப்புல சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு, நாப்பத்திரண்டு, நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்தைப் போட்டேன். வெட்கங்கெட்ட வேலை, வேற என்ன சொல்ல?

மறுநாள் காலையில தகடுகளை அடுக்கும்போது அக்கா அப்படியே நின்னுட்டாங்க. புற்று எந்த இடத்துல இருக்குன்னு எங்க லேப் டாக்டரம்மா அதே கட்டியோட வேறொரு தகட்டுல வட்டம் போட்டுத் தருவாங்க. அதோட ஒட்டிப் பிடிச்சு, எங்க தகட்டுல அதே இடத்தை ஊசியால கீறிக்கணும். நான் எண்ணாம எழுதின அந்தத் தகட்டை அக்கா கீறினப்போ டாக்டரம்மா தகடு தலைகீழாத் திரும்பியிருக்கு. கீறல் இந்தக் கோடியில, புற்று அந்தக் கோடியில. நல்ல சதையை எண்ணிட்டு 'இல்லை'ன்னு எழுதியிருக்கோம். ரிப்போர்ட் உறைக்குள்ள போயாச்சு. அந்தக் கட்டிக்குரிய நோயாளியம்மாவும் அதை வாங்க வந்து வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க.

"நேத்து நீ எண்ணினியா?" அக்கா என்னைப் பார்க்காம கேட்டாங்க.

நான் குனிஞ்சு மிச்சத் தகடுகளை அடுக்க ஆரம்பிச்சேன்.

"சரி, விடு. கீறினது நான். போய் உட்காரு. இப்ப நீ முதல்ல எண்ணு. எனக்குச் சொல்லாதே."

எண்ணினேன். ஐயோ, அந்தக் கோடி பூரா சிவப்பு! பத்தொன்பதாவது செல்லுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, துடைச்சுட்டு மறுபடி முதல்லேருந்து எண்ணினேன். சிவப்பு இருநூத்தி நாலு, பச்சை நாப்பத்தி மூணு. அக்காவுக்கு இருநூத்தி ஒண்ணும் நாப்பத்தி நாலும். அக்கா நேரா டாக்டரம்மாகிட்ட போய் நடந்ததைச் சொன்னாங்க. என் பேரை இழுக்கலை. நானே பின்னாடி போய்ச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் செமத்தியாத் திட்டு விழுந்துச்சு.

புது ரிப்போர்ட்டை அக்காவே எடுத்துக்கிட்டு வெளியே வந்தாங்க. இத்தனை வருஷத்துல எங்களுக்கு நோயாளின்னா ஒரு நம்பர்தான். இந்தம்மா செருப்பைக் கழட்டி வச்சுட்டு, வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க.

"ஜீன் பெருகியிருக்கும்மா,"ன்னாங்க அக்கா.

"அது நல்லதா, கெட்டதா?"

அக்கா அவங்க முன்னாடி குனிஞ்சாங்க. "கெட்டதுதாம்மா. ஆனா அதுக்கு மருந்து இருக்கு. நேத்து நாங்க தப்பா 'இல்லை'ன்னு எழுதிட்டோம்."

அந்தம்மா தாளை மடிச்சுப் பைக்குள்ள வைக்கப் போனாங்க. பாதியில நிறுத்திட்டு நிமிர்ந்தாங்க.

"இது சரிதானே? நல்லாப் பார்த்தீங்கல்ல?"

"ஆமாம்மா,"ன்னாங்க அக்கா. என் பக்கம் திரும்பவேயில்லை. "இன்னிக்கு ரெண்டு பேரும் எண்ணினோம்."